சிறு சரக்கு வண்டியில் இன்வெர்ட்டர்: கணக்குப் போடுவது முதல் பொருத்தி ஓட்டுவது வரை

பூச்சு வேலை முடியாத வீட்டில் சிசிடிவி கேமரா பொருத்தவோ தோட்டத்து மோட்டார் கொட்டகையில் பேனல் மாட்டவோ போகிறவருக்கு, அங்கே போய் இறங்கிய பிறகுதான் தற்காலிக மின் இணைப்புகூட இன்னும் வரவில்லை என்பது தெரியவரும். பக்கத்து வீட்டில் கேட்டு ஒயர் இழுக்கலாம். பக்கத்தில் வீடே இல்லாத இடங்களும் இருக்கின்றன. அப்படிப்பட்ட இடங்களுக்காகத்தான் கருவிகளை ஏற்றிச் செல்லும் வண்டியிலேயே ஓர் இன்வெர்ட்டரைப் பொருத்திக்கொள்கிறோம். வண்டியின் 12 வோல்ட் டிசி மின்சாரத்தை 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் ஏசியாக மாற்றித் தரும் பெட்டி அது.

என் முதல் இன்வெர்ட்டரை வாங்கியபோது பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருந்த வாட் எண்ணை மட்டும் பார்த்துத்தான் வாங்கினேன். உண்மையில் கடைசியாகப் பார்க்க வேண்டிய எண் அது. எந்தக் கருவி எவ்வளவு நேரம் ஓடும், வண்டியின் ஆல்டர்னேட்டரும் (எஞ்ஜின் சுழற்றுவதால் மின்சாரம் தரும் கருவி) பேட்டரியும் எத்தனை ஆம்பியர் தரும், அந்த ஆம்பியரை எந்தத் தடிமன் கேபிள் தாங்கும் என்ற மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால், வாங்க வேண்டிய இன்வெர்ட்டர் எது என்பது தானாகவே தெரிந்துவிடும். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையிலேயே போகிறது. 12 வோல்ட் மின்னமைப்புள்ள சிறு சரக்கு வண்டி, பிக்கப், வேன் ஆகியவற்றை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. 24 வோல்ட் லாரி பற்றியும் மின்சார வண்டி பற்றியும் இடையில் சில வரிகள் வரும்.

இன்வெர்ட்டர் இல்லாமலே முடியுமா

12 வோல்ட் டிசியை 230 வோல்ட் ஏசியாக ஏற்றி, அதே ஏசியை லேப்டாப் சார்ஜருக்குள் மறுபடியும் 19 வோல்ட் டிசியாக இறக்குவது வீண் வேலை. இரண்டு இடத்திலும் மின்சாரம் வெப்பமாகப் போகிறது. லேப்டாப்புக்கும் கைபேசிக்கும் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகும் டிசி சார்ஜர்கள் உள்ளன. மைக் செட் வண்டிகளில் வரும் ஆம்ப்ளிஃபயர்களில் பலவற்றின் பின்புறம் 12 வோல்ட் டிசிக்கென்றே தனி முனைகள் இருக்கும். அதைக் கவனிக்காமல் இன்வெர்ட்டர் வாங்கி, அதன் ஹம் சத்தத்தை ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வேலைக்கு வெளிச்சம் வேண்டுமென்றால் 12 வோல்ட் எல்இடி விளக்கே போதும்.

டிரில், ஸ்க்ரூடிரைவர், சிறிய கிரைண்டர் ஆகியவை இன்று 18 வோல்ட் பேட்டரியில் ஓடும் வடிவிலும் கிடைக்கின்றன. அவற்றுக்கு மாறியவருக்கு இன்வெர்ட்டரின் வேலை அந்தப் பேட்டரிகளைச் சார்ஜ் செய்வது மட்டுமே. அந்தச் சார்ஜையும் வண்டி ஓடும்போதே ஏற்றிக்கொள்ளலாம். இருநூறு வாட்டில் முடிகிற தேவைக்கு ஆயிரத்து ஐந்நூறு வாட் அமைப்பை ஏற்றிக்கொண்டு திரிவதைவிட, அந்தப் பணத்தைப் பேட்டரிக் கருவியில் போடுவதே மேல் என்பது என் கருத்து.

மாறாக, சில சுமைகளை இன்வெர்ட்டர் பக்கமே கொண்டுவரக் கூடாது. வெல்டிங் மெஷின், ஒரு குதிரைத்திறன் பம்ப், இண்டக்‌ஷன் அடுப்பு, ஹீட் கன் ஆகியவை அந்தப் பட்டியலில் வருபவை. வெப்பத்தில் சுருங்கும் ஸ்லீவ் போடுவதற்கு 1500 வாட் ஹீட் கன்னை வண்டிப் பேட்டரியில் ஓட்டுவதைவிட, சிறிய கேஸ் டார்ச் ஒன்றை வைத்துக்கொள்வது எளிது. இவையெல்லாம் அன்றாடம் தேவைப்படுபவருக்கு ஏற்றது ஜெனரேட்டர்தான்.

சுமைக் கணக்கு

ஒரு தாளில் நான்கு பத்திகள் போட்டுக்கொள்ள வேண்டும்: கருவி, அதன் வாட், ஒரு நாளில் உண்மையாக ஓடும் நேரம், இரண்டையும் பெருக்கிய வாட்-மணி. ‘உண்மையாக ஓடும் நேரம்’ என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். நாள் முழுவதும் ஹேமர் டிரில் கையில் இருந்தாலும் அதன் டிரிகர் அழுத்தப்பட்டிருக்கும் நேரம் இருபது நிமிடத்தைத் தாண்டுவது அரிது.

என் ஒரு நாள் கணக்கு இது. 800 வாட் ஹேமர் டிரில் 20 நிமிடம் ஓடினால் ஏறக்குறைய 267 வாட்-மணி. 65 வாட் லேப்டாப் இரண்டு மணி நேரத்துக்கு 130. 18 வோல்ட், 4 ஆம்பியர்-மணிப் பேட்டரி ஒன்றில் 72 வாட்-மணி அடங்கும். சார்ஜரில் போகும் இழப்பையும் சேர்த்து 90 என்று வைத்தால் நான்கு பேட்டரிக்கு 360. கேமரா காட்சியைச் சரிபார்க்கும் 20 வாட் மானிட்டர் ஒரு மணி நேரத்துக்கு 20. மொத்தம் 777 வாட்-மணி. இன்வெர்ட்டரின் திறன் 85 விழுக்காடு என்று கொண்டால், பேட்டரியிலிருந்து எடுக்க வேண்டியது ஏறக்குறைய 914 வாட்-மணி. 12 வோல்ட்டால் வகுத்தால் 76 ஆம்பியர்-மணி.

இந்த மொத்தத்துடன் இன்னொரு எண்ணும் தேவை. ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை வாட் இழுக்கப்படும் என்பது அது. டிரில், கிரைண்டர் போன்ற கார்பன் பிரஷ் மோட்டார்கள் கிளம்பும் நொடியில் தம் வாட்டைப்போல் இரண்டு மூன்று மடங்கு இழுக்கும். பம்ப், கம்ப்ரஸர், ஃபிரிட்ஜ் ஆகியவற்றில் உள்ள இண்டக்‌ஷன் மோட்டார் ஐந்து முதல் ஏழு மடங்குவரை இழுக்கும். என் பட்டியலில் பெரியது 800 வாட் டிரில்; அது கிளம்பும்போது 1600 முதல் 2400 வாட்வரை ஓரிரு நொடிகள் தாக்குப்பிடிக்க வேண்டும்.

வண்டியால் எவ்வளவு தர முடியும்

சிறு சரக்கு வண்டிகளில் வரும் பேட்டரி செல்ஃப் மோட்டாரைச் சுழற்றுவதற்கென்றே செய்யப்பட்டது. சில நொடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டிவிட்டு உடனே நிரம்பிவிட வேண்டும் என்பதற்காக அதன் தகடுகள் மெல்லியவையாக இருக்கும். மெதுவாக அடிவரை இறக்கி மறுபடி ஏற்றும் வேலையைப் பலமுறை செய்தால் அவை சீக்கிரம் உதிர்ந்துவிடும். 65 ஆம்பியர்-மணிப் பேட்டரியில், எஞ்ஜினை நிறுத்திவிட்டு, 13 ஆம்பியர்-மணிக்கு மேல் எடுக்காமல் இருப்பது என் வரம்பு. அதாவது ஐந்தில் ஒரு பங்கு.

எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை வோல்ட் மீட்டர் சொல்லும், ஆனால் சுமையை நிறுத்திச் சற்று நேரம் விட்டுத்தான் பார்க்க வேண்டும். ஈயப் பேட்டரி ஓய்வில் 12.7 வோல்ட் காட்டினால் முழுமை, 12.4 காட்டினால் முக்கால், 12.2 காட்டினால் பாதி. பெரும்பாலான இன்வெர்ட்டர்கள் 10.5 வோல்ட்டுக்குப் பக்கத்தில்தான் கத்தத் தொடங்கி, 10 வோல்ட்டுக்குப் பக்கத்தில் தாமாக நிற்கின்றன. அந்த எச்சரிக்கை ஒலியை நம்பி லேசான சுமையை ஓட்டிக்கொண்டிருந்தால், ஒலி கேட்பதற்கு வெகு முன்பே வண்டி செல்ஃப் எடுக்காத நிலைக்குப் போயிருக்கும். இன்வெர்ட்டர் காப்பாற்றிக்கொள்வது தன்னைத்தான், நம் செல்ஃபை அல்ல.

எஞ்ஜின் ஓடும்போது கணக்கு மாறுகிறது. ஆல்டர்னேட்டரின் உடலில் ஒட்டியுள்ள லேபிளில் அதன் ஆம்பியர் அளவு இருக்கும். 65 ஆம்பியர் என்று போட்டிருந்தால் அது எஞ்ஜின் நல்ல வேகத்தில் சுழலும்போது கிடைக்கும் அளவு. ஐட்லிங்கில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஹெட்லைட், ஹீட்டர் பிளக், எஞ்ஜின் கட்டுப்பாட்டுப் பெட்டி, மின்விசிறி என வண்டியின் சொந்தச் செலவுக்கு 20, 25 ஆம்பியர் போய்விட்டால், ஓடும் வண்டியில் இன்வெர்ட்டருக்கு மிஞ்சுவது 40 ஆம்பியர். இழப்பு போக அது ஏறக்குறைய 400 வாட். அதற்கு மேல் இழுக்கப்படும் ஒவ்வொரு ஆம்பியரும் பேட்டரியிலிருந்துதான் வருகிறது.

மனக்கணக்குக்கு ஒரு சுருக்கம் உண்டு: 12 வோல்ட் அமைப்பில் ஏசி பக்கத்து வாட்டைப் பத்தால் வகுத்தால் டிசி பக்கத்து ஆம்பியர் கிடைக்கும். 800 வாட் டிரில் என்றால் 80 ஆம்பியர். எஞ்ஜினைச் சற்று வேகம் கூட்டி ஓடவிட்டு இந்த டிரிலை இயக்கினால் 40 ஆம்பியரை ஆல்டர்னேட்டர் தரும், மீதி 40 பேட்டரியிலிருந்து போகும். இருபது நிமிடத்துக்கு 13 ஆம்பியர்-மணி. அடுத்த இடத்துக்கு ஓட்டிச் செல்லும்போது அது திரும்ப ஏறிவிடும். எஞ்ஜினை நிறுத்திவிட்டுச் செய்தால் அதே இருபது நிமிடத்தில் 26 ஆம்பியர்-மணி காலி.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பின் அடித்தள வாகன நிறுத்தத்தில் கேமரா பொருத்தும்போது எஞ்ஜினை ஓடவிட்டு வேலை செய்யவே கூடாது. கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது. தலைவலி வரும்போது ஏற்கெனவே தாமதமாகியிருக்கும்.

2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிஎஸ் 6 புகை வரம்பின்படி செய்த வண்டிகளில் சிலவற்றில் ஆல்டர்னேட்டரின் வோல்ட்டை எஞ்ஜின் கணினி தேவைக்கேற்ப ஏற்றி இறக்கும். அத்தகைய வண்டியில் பேட்டரியின் நெகட்டிவ் முனையின் மேல் சிறிய சென்சார் ஒன்று உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். இன்வெர்ட்டரின் நெகட்டிவ் கேபிளை அந்தச் சென்சாரைத் தாண்டிப் பேட்டரி முனையில் நேரடியாக மாட்டினால், இன்வெர்ட்டர் இழுக்கும் மின்சாரம் கணினியின் கணக்கில் வராது. பேட்டரி நிரம்பியிருப்பதாகவே அது நினைத்துக்கொள்ளும். நெகட்டிவைச் சென்சாருக்கு அப்பால், சேஸிஸில் உள்ள எர்த் போல்ட்டில் இணைக்க வேண்டும்.

24 வோல்ட் லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடரிணைப்பில் இருக்கும். அவற்றுள் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்தால் அந்தப் பேட்டரி எப்போதும் குறைந்தும் மற்றது எப்போதும் மிகுந்தும் சார்ஜாகி, இரண்டும் கெடும். 24 வோல்ட் இன்வெர்ட்டரே வாங்க வேண்டும். மின்சாரச் சரக்கு வண்டியில் பெரிய பேட்டரி பக்கமே போகக் கூடாது. அதிலுள்ள சிறிய 12 வோல்ட் துணைப் பேட்டரியும் கட்டுப்பாட்டுச் சுற்றுகளுக்கானது என்பதால், தனிப் பேட்டரி வைப்பதே ஒரே வழி.

இப்போது இன்வெர்ட்டர்

பெட்டியின் மேல் இருப்பது பெரும்பாலும் ‘பீக்’ வாட், அதாவது ஓரிரு நொடிகள் தாங்கும் அளவு. நமக்குத் தேவை தொடர்ந்து தரக்கூடிய அளவு; பல தயாரிப்புகளில் அது பீக்கில் பாதி. விஏ என்று போட்டிருந்தால் அது வாட் அல்ல, வாட் அதைவிடக் குறைவு.

சென்னை ரிச்சி தெரு போன்ற எலக்ட்ரானிக்ஸ் சந்தைகளில் வாங்குகிறவர்களுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். விலை மலிவான இன்வெர்ட்டர்களில் டிசி பக்கத்து ஃபியூஸ்கள் பின்புறத் தகட்டிலோ மூடிக்குள்ளோ வரிசையாக இருக்கும்; அவற்றின் ஆம்பியரைக் கூட்டி 12 ஆல் பெருக்க வேண்டும். 2000 வாட் என்று அச்சிட்டிருந்த ஒரு பெட்டியைக் கடைக்காரரின் அனுமதியோடு திறந்து பார்த்தபோது, உள்ளே 30 ஆம்பியர் ஃபியூஸ்கள் மூன்றே இருந்தன. 90 ஆம்பியரை 12 ஆல் பெருக்கினால் உள்ளே போகக்கூடியது 1080 வாட்; இழப்பு போக வெளியே வருவது 900 வாட் சொச்சம். அச்சில் 2000, ஃபியூஸில் 900. பிறகு கடைக்காரரும் அதை ‘பீக் சார்’ என்றுதான் சொன்னார்.

அடுத்தது அலை வடிவம். பியூர் சைன் வேவ் இன்வெர்ட்டர் வீட்டு மின்சாரத்தைப் போன்ற அலையைத் தரும். மாடிஃபைடு சைன் வேவ் என்பது படிக்கட்டு போன்ற சதுர அலைதான். கார்பன் பிரஷ் டிரிலும் சாதாரண லேப்டாப் சார்ஜரும் அதில் ஓடிவிடும். ஆனால் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரிகர் உள்ள டிரில் அதில் தடுமாறலாம், இண்டக்‌ஷன் மோட்டார் வழக்கத்தைவிட அதிகம் சூடாகும், பேட்டரிக் கருவிகளின் சார்ஜர்களில் சில எரிந்தும் போகும். ஒரு நல்ல சார்ஜரின் விலை இரண்டு வகை இன்வெர்ட்டருக்கும் உள்ள விலை வித்தியாசத்தில் பெரும்பங்கை விழுங்கிவிடும் என்பதால், வேலை வண்டிக்குப் பியூர் சைன் வேவையே பரிந்துரைக்கிறேன்.

என் கணக்குக்குப் பொருந்தியது, தொடர்ந்து 1000 வாட்டும் சில நொடிகளுக்கு 2000 வாட்டும் தரும் பியூர் சைன் வேவ் இன்வெர்ட்டர். டிரிகரை மெல்ல அழுத்திக் கிளப்பினால் 800 வாட் டிரில் அதில் அடங்குகிறது. ‘இருக்கட்டுமே’ என்று 2000 வாட் வாங்குவதில் லாபம் இல்லை. சும்மா இருக்கும்போதே அது கூடுதலாக இழுக்கும், கேபிளும் ஃபியூஸும் இரட்டிப்பாகும், ஆல்டர்னேட்டரோ அதே 65 ஆம்பியர்தான்.

வீட்டு இன்வெர்ட்டரையும் உயரமான டியூபுலர் பேட்டரியையும் வண்டியில் ஏற்றிக் கட்டிக்கொள்பவர்களும் உண்டு. அந்தப் பேட்டரி அசையாமல் ஓரிடத்தில் நிற்பதற்காகச் செய்யப்பட்டது. பள்ளத்தில் விழுந்து எழும் வண்டியில் அமிலம் சிந்தும். சார்ஜாகும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். மூடிய கேபினுக்குள் இரண்டுமே ஆபத்து.

இரண்டாவது பேட்டரி யாருக்கு

எஞ்ஜினை நிறுத்திவிட்டு மணிக்கணக்கில் மின்சாரம் வேண்டுபவருக்குத் தனிப் பேட்டரி தேவை. மூடிய ஈயப் பேட்டரியில் 100 ஆம்பியர்-மணி என்றால் பாதிவரை எடுக்கலாம், அதாவது 600 வாட்-மணி. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணிப் பேட்டரி 1280 வாட்-மணி கொண்டது. ஐந்தில் நான்கு பங்கு எடுத்தாலும் ஆயிரத்துக்கு மேல் கிடைக்கும். மேலே போட்ட 914 வாட்-மணி அதற்குள் அடங்கிவிடுகிறது.

லித்தியம் பேட்டரியை ஆல்டர்னேட்டரோடு நேரே இணைக்கக் கூடாது. அதன் உள்தடை மிகக் குறைவு என்பதால் காலியாக இருக்கும்போது கிடைப்பதையெல்லாம் இழுக்கும். முழுத் திறனில் நெடுநேரம் ஓடி ஆல்டர்னேட்டர் சூடேறிக் கெட்டுப்போகும். இடையில் 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் ஒன்றை வைத்தால் அதற்கு மேல் இழுக்காது, வோல்ட்டை ஏற்றி இறக்கும் பிஎஸ் 6 ஆல்டர்னேட்டரோடும் ஒத்துப்போகும். 76 ஆம்பியர்-மணியைத் திரும்ப ஏற்ற அது இரண்டரை மணி நேரம் எடுக்கும். நாளொன்றுக்கு அவ்வளவு நேரம் வண்டி ஓடவில்லையென்றால் மீதியை இரவில் வீட்டு மின்சாரத்தில்தான் ஏற்ற வேண்டும். வாங்கும்போது பேட்டரியின் உள்ளிருக்கும் பாதுகாப்புச் சுற்று தொடர்ந்து எத்தனை ஆம்பியரை அனுமதிக்கிறது என்று கேட்க வேண்டும். 50 ஆம்பியரோடு நிறுத்திவிடும் பேட்டரியில் 1000 வாட் இன்வெர்ட்டர் ஓடாது.

கேபிளும் ஃபியூஸும்

முதல் முறை நான் ஏமாந்த இடம் இது. பேட்டரி சேஸிஸ் ஓரத்தில், இன்வெர்ட்டர் பின்பக்கப் பாடியில்; இடையில் இரண்டரை மீட்டர். பொருத்தியவர் கையில் இருந்த 10 சதுர மில்லிமீட்டர் கேபிளைப் போட்டு, லக்கை (கேபிள் நுனியில் மாட்டும் உலோக வளையம்) சுத்தியலால் அடித்துத் தட்டையாக்கி மாட்டினார். விளக்கு எரிந்தது, லேப்டாப் ஏறியது, நானும் பணம் கொடுத்து வந்துவிட்டேன். மறுநாள் ஹேமர் டிரிலின் டிரிகரை அழுத்தியதும் இன்வெர்ட்டர் கத்தியது. விட்டால் ஓய்ந்தது, அழுத்தினால் மறுபடி கத்தியது. பேட்டரி நிறைவாக இருந்ததால் இன்வெர்ட்டர்தான் கோளாறு என்று முடிவுகட்டி, வாங்கிய கடையில் போய்ச் சண்டையும் போட்டேன்.

உண்மையைக் காட்டியது மல்டிமீட்டர். உதவியாளர் டிரிகரை அழுத்திப் பிடித்திருக்க, பேட்டரி முனையில் அளந்தால் 11.9 வோல்ட், இன்வெர்ட்டர் முனையில் அளந்தால் 10.7. நடுவில் 1.2 வோல்ட் காணாமல் போயிருந்தது. ஏறக்குறைய 75 ஆம்பியர் ஓடும்போது அது 90 வாட். கேபிளிலும் லக்கிலும் வெப்பமாக வெளிப்பட்டுக்கொண்டிருந்தது. லக்கைத் தொட்டேன், கையை எடுத்துவிட்டேன். அதை ஒட்டிய பிளாஸ்டிக் உறை ஏற்கெனவே பழுப்பேறியிருந்தது. கடைக்காரரிடம் பிறகு போய் வருத்தம் தெரிவித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கணக்கு எளிது. செம்புக் கேபிளில் போகவரும் மொத்த நீளத்தை மீட்டரில் எடுத்து 0.0175 ஆல் பெருக்கி, சதுர மில்லிமீட்டரால் வகுத்தால் தடை ஓமில் கிடைக்கும். அதை ஆம்பியரால் பெருக்கினால் வோல்ட் இழப்பு. என் ஐந்து மீட்டருக்கு 10 சதுர மில்லிமீட்டரில் 75 ஆம்பியர் போனால் 0.66 வோல்ட். மீதி அரை வோல்ட்டைத் தின்றது சுத்தியல் அடித்த அந்த லக்குகள்.

1000 வாட் இன்வெர்ட்டர், பேட்டரி 11 வோல்ட்டுக்கு இறங்கிய நிலையில், முழுச் சுமையில் 107 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 35 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளும் 125 ஆம்பியர் ஃபியூஸும் பொருந்தும். 1500 வாட் என்றால் 160 ஆம்பியர். 50 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத கேபிளும் 200 ஆம்பியர் ஃபியூஸும் வேண்டும். ஃபியூஸ் காப்பது இன்வெர்ட்டரை அல்ல, கேபிளை. எனவே அதன் அளவு இன்வெர்ட்டர் இழுப்பதைவிட அதிகமாகவும் கேபிள் தாங்குவதைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். அது பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் அமைய வேண்டும். ஃபியூஸுக்கு முன்னால் உள்ள கேபிள் எங்காவது உரசிச் சேஸிஸைத் தொட்டால் அதைத் தடுக்க எதுவும் இல்லை.

மென்மையாக வளையும் என்பதால் வெல்டிங் கேபிள் வாங்குவது நல்ல யோசனைதான், ஆனால் அலுமினிய வெல்டிங் கேபிளும் அதே தோற்றத்தில் கடையில் இருக்கும். நுனியைச் சீவி, ஓர் இழையைக் கத்தியால் சுரண்டிப் பார்க்க வேண்டும். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் செம்பு பூசிய அலுமினியம். லக்கை ஹைட்ராலிக் கிரிம்பிங் கருவியால்தான் அழுத்த வேண்டும். கருவி இல்லையென்றால் பேனல் போர்டு செய்யும் பட்டறையில் கேபிளின் நீளத்தைச் சொன்னால் அழுத்திக் கொடுப்பார்கள்.

சிகரெட் லைட்டர் சாக்கெட்டின் ஃபியூஸ் பெரும்பாலும் 10 முதல் 20 ஆம்பியர். 150 வாட்டுக்கு மேல் அதில் எதையும் ஓட்ட வேண்டாம்; 10 ஆம்பியர் ஃபியூஸ் என்றால் 100 வாட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று பெரிய ஃபியூஸ் போட்டால், அடுத்து எரிவது டாஷ்போர்டுக்குள் ஓடும் மெல்லிய ஒயர்.

பொருத்தும் வரிசை

இடம் முதலில். 1000 வாட் வெளியே தரும்போது ஏறக்குறைய 175 வாட் இன்வெர்ட்டருக்குள்ளேயே வெப்பமாகிறது; 25 வாட் சாலிடரிங் அயன் ஏழை ஒரு பெட்டிக்குள் எரியவிட்டதற்குச் சமம். மே மாத வெயிலில் நிற்கும் மூடிய வண்டிக்குள் காற்றே கொதிக்கும் என்பதால், இன்வெர்ட்டர் தன் முழுத் திறனை அங்கே தராது. மின்விசிறி காற்றை இழுக்கும் பக்கத்திலும் தள்ளும் பக்கத்திலும் ஒரு சாண் இடம் விட வேண்டும். திறந்த பாடியென்றால், மழை புகாதபடி கீழ்நோக்கிய வெட்டுகள் உள்ள பூட்டும் இரும்புப் பெட்டி செய்து, அதைக் கேபினை ஒட்டி வைப்பது நல்லது. கிரைண்டரும் கான்கிரீட் டிரில்லும் ஓடும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்தால் இரும்புத் தூளையும் சிமெண்ட் தூளையும் மின்விசிறியே உள்ளே இழுத்துக்கொள்ளும்.

பிறகு வண்டிப் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும். கேபிள்களை நெளிகுழாய்க்குள் நுழைத்து, சைலன்ஸர் குழாயிலிருந்து விலக்கி, தகட்டில் துளையிட்ட இடத்தில் ரப்பர் குரோமெட் போட்டு, ஒவ்வொரு அடிக்கும் ஒரு கிளாம்ப் வைத்துக் கட்ட வேண்டும். நெகட்டிவுக்கும் அதே தடிமன் கேபிள் வேண்டும்; பாடித் தகட்டில் உள்ள ஏதோ ஒரு போல்ட்டில் மாட்டிவிடக் கூடாது, ஏனென்றால் பாடிக்கும் சேஸிஸுக்கும் இடையில் பெயின்ட்டும் துருவும் இருக்கும். சேஸிஸில் இணைப்பதானால் அந்த இடத்தைப் பளபளவென்று தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவ வேண்டும். இன்வெர்ட்டர் முனைகளை முதலில் இறுக்கி, பாசிட்டிவ் எது நெகட்டிவ் எது என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, வண்டிப் பேட்டரியின் நெகட்டிவைத் திரும்ப மாட்டி, கடைசியாக ஃபியூஸைப் போட வேண்டும். அந்த நொடியில் ஒரு சிறிய பொறி பறக்கும். உள்ளேயுள்ள கெபாசிட்டர்கள் நிரம்புவதால் வருவது, பயப்பட வேண்டாம். முனை மாறிப்போனால் வருவது வேறு விதமான பொறி, அதோடு இன்வெர்ட்டரின் கதை முடிந்துவிடும்.

ஏசி பக்கம்

வண்டி இன்வெர்ட்டர்களில் பலவற்றின் வெளியீட்டில் நியூட்ரல் என்று ஒன்று கிடையாது. இரண்டு துளையிலும் டெஸ்டர் மினுக்கலாம். அத்தகைய வெளியீட்டில் மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி மாட்டினாலும் அது எதிர்பார்த்தபடி செயல்படாது. நியூட்ரலையும் எர்த்தையும் சேர்க்கலாம் என்று கையேடு தெளிவாகச் சொன்னால் மட்டும் எலக்ட்ரீஷியனை வைத்துச் சேர்த்து ஆர்சிசிபி மாட்ட வேண்டும். கையேடு சொல்லாதபோது சேர்த்தால் சில இன்வெர்ட்டர்கள் எரிந்துபோகும். இன்வெர்ட்டர் உடலின் எர்த் முனை எப்படியும் சேஸிஸோடு இணைந்திருக்க வேண்டும்.

கட்டடத்தின் வயரிங்கில் இன்வெர்ட்டர் வெளியீட்டைக் கொண்டுபோய்ச் சொருகும் வேலை வேண்டவே வேண்டாம். அரை மணி நேரம் விளக்கு எரிந்தால் போதும் என்று வீட்டுக்காரர் கேட்பார். மெயின் மின்சாரம் திரும்பிய கணத்தில் இன்வெர்ட்டர் எரியும், அதற்கு முன் எங்கோ லைனில் கைவைத்திருப்பவரின் உயிருக்கும் ஆபத்து. எக்ஸ்டென்ஷன் ஒயர் மூன்று கோர், 1.5 சதுர மில்லிமீட்டர் இருந்தால் போதும், ஆனால் சுருளை முழுக்க அவிழ்த்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

சோதனையும் அன்றாடமும்

முதல் நாள் சிறிய சுமையில் தொடங்கிப் படிப்படியாக ஏற்ற வேண்டும். முழுச் சுமை ஓடும்போது மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையை இன்வெர்ட்டர் பாசிட்டிவிலும் வைத்தால் அந்தப் பக்கத்து இழப்பு நேராகத் தெரியும், நெகட்டிவுக்கும் அப்படியே. இரண்டும் சேர்ந்து 0.4 வோல்ட்டைத் தாண்டினால் ஏதோ ஓர் இணைப்பு சரியில்லை. பத்து நிமிடம் ஓட்டிய பிறகு சுமையை நிறுத்தி, ஒவ்வொரு லக்கையும் தொட்டுப் பார்க்க வேண்டும். வெதுவெதுப்பு பரவாயில்லை, சுட்டால் மறுபடி கிரிம்ப் செய்ய வேண்டும்.

வேலை முடிந்ததும் இன்வெர்ட்டரின் சுவிட்சை அணைக்கும் பழக்கம் வர வேண்டும். எதுவும் சொருகாமலே 0.8 ஆம்பியர் இழுக்கும் இன்வெர்ட்டரைச் சனி மாலை அணைக்க மறந்தால், திங்கள் காலைக்குள் 36 மணி நேரத்தில் 29 ஆம்பியர்-மணி போயிருக்கும். அதற்குப் பிறகு வண்டியைத் தள்ள ஆள் தேட வேண்டும். கேபினுக்குள் ஒரு ரிமோட் சுவிட்சும் டாஷ்போர்டில் ஒரு சிறிய வோல்ட் மீட்டரும் இருந்தால் மறதி குறையும். உலர் பொடித் தீயணைப்பான் ஒன்றை இன்வெர்ட்டரை ஒட்டி வைக்காமல், தீப்பிடித்தாலும் கை எட்டும் கதவோரத்தில் வைக்க வேண்டும்.

மாதம் ஒருமுறை ஃபியூஸைக் கழற்றிவிட்டு, போல்ட்டுகளை ஸ்பேனரால் தொட்டு இறுக்கம் பார்த்து, மின்விசிறித் தூசியைப் பிரஷ்ஷால் தட்டி, பேட்டரியில் டிஸ்டில்ட் வாட்டர் அளவையும் பார்த்துவிட வேண்டும். சரக்கு வண்டி குலுங்கும் குலுக்கலில் தளராத போல்ட் இல்லை. பாடியில் வெல்டிங் வைக்கக் கொடுக்கும் நாளில் மட்டும், ஃபியூஸைக் கழற்றினால் போதும் என்று இருக்காமல் இன்வெர்ட்டரின் இரண்டு கேபிளையும் எர்த் ஒயரையும் கழற்றித் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் வண்டியைப் பட்டறையில் விட வேண்டும். வெல்டர் தன் எர்த் கிளிப்பை எந்த இரும்பில் கவ்வவிடுவார் என்பது அவருக்கே அந்த நேரத்தில்தான் தெரியும்.